இடம்புரி

கயிறு முப்பத்தெட்டு மீட்டர்.
மூன்று புரி. நைலான்.
வாங்கியபோது ஆரஞ்சு நிறம்.
இப்போது, வேகவைத்த நண்டை
வெயிலில் மறந்துவிட்டால் வருமே, அந்த நிறம்.

ஒரு தலைப்பில் எர்மித்தாஸின் இடுப்பு.
மறு தலைப்பில் நான்.
நடுவில் இருப்பதெல்லாம் அலை.

கலீசியாவில் எங்கள் கரையின் பெயரிலேயே
சாவு இருக்கிறது.
வெளியூர்க்காரர்கள் அதைப் படம் எடுக்கிறார்கள்.
எங்களுக்கு அது தபால் முகவரி.

வற்றத்தின் அடியாழத்தில்
இருபது நிமிடம்தான் கடல் பாறையை விட்டுத்தரும்.
அதற்குள் அவள் இறங்கிக்
கொட்டலசைச் சுரண்டிப் பையில் போட வேண்டும்:
விரல் தடிமன், கறுத்த தோல், நுனியில் நகம்.
நகரத்து உணவகத்தில் இதன் விலையைக் கேட்டால்
பாறையே சிரிக்கும்.

நான் மேலே குதிகாலை ஊன்றி
விடுவேன், இழுப்பேன்.
பேசமாட்டேன்.
பேசி ஏழு மாதம்.

படகை விற்றுவிட்டாள்.
என் தம்பியின் படகை.
அவன் சுவிட்சர்லாந்தில் ஓட்டல் தட்டு கழுவுகிறான்,
கையெழுத்து அவன் போட்டதுதான்,
அவள் கணவன், அவர்கள் படகு,
எல்லாம் எனக்குத் தெரியும்.
தெரிந்ததனால்தான் இவ்வளவு முறுக்கு.

அவளுக்கு இடக்கை.
கயிறோ வலம்புரி.
அவள் சுற்றினால் ஒவ்வொரு வளையமும்
பிறந்த திசைக்கு எதிராகப் படுக்கும்,
இரவெல்லாம் கொட்டகை ஆணியில் தொங்கியபடி
உள்ளுக்குள் கறுவிக்கொண்டிருக்கும்.
காலையில் நான் அதைக் கொட்டி, உதறி,
என் பக்கமாகச் சுற்றுவேன்.
மாலையில் அவள் மறுபடி.
ஏழு மாதம் நாங்கள் போட்ட சண்டை
இவ்வளவுதான்.
இதற்குமேல் ஒரு கயிறு என்ன தாங்கும்?

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்.
அன்று நான் உதறவில்லை.
நேரமாகிவிட்டது என்று பிறகு சொல்லிக்கொண்டேன்.
நேரம் இருந்தது.
'அவள் சுற்றியது, அவளே அனுபவிக்கட்டும்'
என்று நினைத்த நினைப்பு
ஒரு தும்மல் அளவுதான்.

மூன்றாவது அலை தவறான இடத்திலிருந்து வந்தது.
"விடு!" என்றாள்.
ஏழு மாதத்தில் முதல் சொல்.
அடுத்த பாறைக்குத் தாவ
அவளுக்கு நான்கு மீட்டர் தேவை.

முதல் வளையம் போயிற்று.
இரண்டாவது. மூன்றாவது.
நான்காவது தன்னைத்தானே கட்டிப்பிடித்து
என் கையில் ஒரு முட்டியாக நின்றது.

பிரிக்க நேரமில்லை.
நானே கயிறானேன்.
சரிவில் ஓடினேன், நான்கு எட்டு,
ஐந்தாவது எட்டில் தரை இல்லை, நுரை இருந்தது.
அலை இருவர் மேலும் நடந்து போனது.

அவள் ஏறி வந்தாள்,
முழங்காலில் ரத்தம், அரைப் பை.
என்னைப் பார்க்கவில்லை.
முடிச்சைப் பார்த்தாள்.

நீ சுற்றியதுதான் என்று சொல்லியிருக்கலாம்.
உண்மையும்கூட.
அவளும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள்,
உப்புத் தண்ணீரைத் துப்பினாள்.

கொட்டகையில்
நல்ல தண்ணீரில் அலசி நீளவாக்கில் போட்டோம்.
நான் ஒரு வளையம் எடுத்தேன், வலமாக.
அடுத்ததை நான் எடுக்குமுன்
அவள் கை நுழைந்தது.
மணிக்கட்டைக் கவிழ்த்து, அடிவழியாக,
இடமாக ஒன்று.
பிறகு நான். பிறகு அவள்.
என் முறுக்கை அவளுடையது தின்றது,
அவளுடையதை என்னுடையது.

பார்க்க அழகில்லை.
யாரோ தூக்கத்தில் எழுதிய எட்டுகள்.
படகுத்துறைக்குக் கொண்டுபோய் வீசினோம்.
முப்பத்தெட்டு மீட்டரும்
ஒரு முணுமுணுப்பு இல்லாமல் ஓடித்
தண்ணீர்மேல் கோடாகக் கிடந்தது.

"எஞ்சின் செத்துப்போயிருந்தது" என்றாள், கோட்டைப் பார்த்தபடி.
"தெரியும்" என்றேன்.
"தெரிந்துமா?"
இதற்குப் பதில் இல்லை. இழுத்தோம்.

இப்படிச் சுற்றுவதில் ஒரே ஆபத்து:
தலைப்பு வளையங்களுக்குள் நழுவிவிட்டால்
வளையத்துக்கொரு முடிச்சு விழும்.
ஆகவே அதைத் தனியே கட்டி வைக்க வேண்டும்.
யார் கட்டுவது என்பதில்
தினமும் கொஞ்சம் வாய்த்தகராறு.
வாயால்தான்.